கை வைக்கக் கூடாத இரண்டு கோடை

(ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்வோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல் நடுப்பகுதியில் இந்த நகரத்துத் தோட்டக்கடைகளுக்குள் நுழைந்தால் வாசலோரத் தட்டில் சில பிளாஸ்டிக் பைகள் தொங்கும். மேலட்டையில் பச்சைப்பசேலென்று அஸ்பராகஸ் படம். உள்ளே கொஞ்சம் மரத்தூளும் மண்ணிறத்தில் ஒரு வேர்க்கற்றையும். எங்கள் ஆட்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், செத்த வேருக்கு இவ்வளவு விலையா என்று முணுமுணுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே கொழுவிவிடுவார்கள். அந்தக் கற்றைக்கு உயிர் இருக்கிறது. கிரவுன் என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். நாற்றங்காலில் விதை போட்டு ஒரு கோடை முழுக்க வளர்த்து, உறங்கும் பருவத்தில் கிண்டி எடுத்த செடி அது.

கடை ஆள் அனுமதித்தால் பையைத் திறந்து பாருங்கள். நடுவில் பெருவிரல் அளவில் ஒரு கட்டை. அதன் மேற்பக்கத்தில் செதில் மூடிய சின்னஞ்சிறு மொட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கீழே சதைப்பிடிப்பான வேர்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒரு வேரை நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கவேண்டும். கறுத்துப் பிசுபிசுத்து, புளித்த மணம் வந்தால் அந்தப் பை வேண்டாம். இரண்டு வயது, மூன்று வயதுக் கிரவுன் என்று கூடிய விலைக்கு விற்பதும் உண்டு. வயது கூடினால் வேரும் பெருக்கும், கிண்டும்போது அறுபடுவதும் கூடும். ஒரு வயதுக் கிரவுன் சீக்கிரமே அதை எட்டிப்பிடித்துவிடும் என்பதால் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை.

நாங்கள் இங்கே செய்யும் தோட்டம் எப்படிப்பட்டது? பங்குனியில் யன்னலோரம் மிளகாய், கத்தரி நாற்று. மே 24 வார இறுதி கழிந்ததும் எல்லாம் வெளியே. பிறகு பயற்றைக்குப் பந்தல், பாகலுக்குக் கயிறு, வெண்டிக்குத் தண்ணீர். செப்ரெம்பர் கடைசியில் ஒரு இரவு உறைபனி விழுந்தால் கதை முடிந்தது. அடுத்த வருடம் மண்ணைக் கொத்திப் புரட்டி மறுபடி முதலிலிருந்து. நான்கு மாதத்துக்குள் விதைத்து, அறுத்து, ஊர் முழுக்கப் பங்கிட்டும் முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தோடு அஸ்பராகஸ் பக்கம் போனால் அது பிழைக்காது. ஒருதரம் நட்டால் 15, 20 வருடம் அதே இடத்தில் நிற்கும் பயிர் இது. தென்னம்பிள்ளை வைத்துவிட்டு முதல் பாளைக்குக் காத்திருந்த ஆட்களின் பிள்ளைகள் நாங்கள், ஆனால் கனடாவின் குறுங்கோடை எங்களுக்கு அவசரத்தைப் பழக்கிவிட்டது.

இதன் உறவுக்காரச் செடி எங்களுக்குப் புதிதல்ல. வேலியோரத்தில் முள்ளோடு படரும் சாத்தாவாரி, தமிழ்நாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு, இதே இனத்துக் கொடி. கல்யாண மண்டபத்து அலங்காரத்தில் ரோசாப்பூவுக்குப் பின்னால் மெத்தென்று வைக்கும் பச்சைத் தழையும் இதே குடும்பந்தான், அது தென்னாபிரிக்கப் பக்கத்துச் செடி. மூன்றுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கவனியுங்கள். ஊசி ஊசியாக இலை போலத் தெரிவது உண்மையில் இலை இல்லை, தண்டின் பகுதிதான் அப்படி மெலிந்து இலை வேலை பார்க்கிறது. உண்மையான இலைகள் குருத்தில் ஒட்டிக்கிடக்கும் செதில்களாகச் சுருங்கிவிட்டன. ஆகவே நாங்கள் ஒடித்துச் சாப்பிடும் குருத்து வெயிலிலிருந்து எதையும் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. போன கோடையில் வேரில் சேர்ந்த சர்க்கரைப் பொருளைக் கொண்டுதான் அது நிலத்தைப் பிளந்து வருகிறது. அது விரிந்து தோகையான பிறகே உழைப்புத் தொடங்கும். இன்று நான் சொல்லப்போகும் அத்தனைக்கும் அடிப்படை இதுதான். வாயில் வைப்பது குருத்து, தோட்டக்காரன் வளர்க்கவேண்டியது தோகை.

இடத்தை முதலில் பார்ப்போம். நாளுக்கு எட்டு மணி நேரமாவது வெயில் விழவேண்டும். முதிர்ந்த தோகை ஆள் உயரத்துக்கு வரும், எனவே தோட்டத்தின் வடக்கு ஓரமே பொருத்தம். தெற்கில் வைத்தால் உங்கள் கத்தரிக்கு நிழல் விழும், கத்தரி எவ்வளவு கோபக்காரி என்று உங்களுக்குத் தெரியும். வசந்தத்தில் வாடகைக்கு உழவு இயந்திரம் எடுத்து முழுப் பின்வளவையும் புரட்டுகிறவர்கள் அதன் பாதைக்கு வெளியே இடம் ஒதுக்கவேண்டும். பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் அதன் வேர்ப் பரப்புக்குள் நடவே வேண்டாம். அந்த மரம் மண்ணில் விடும் நஞ்சு அஸ்பராகஸுக்கு ஒத்துவராது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஒன்ராறியோவில் இந்தப் பயிரைப் பெரிய அளவில் செய்வது ஈரி ஏரிக்கு வடக்கே, நோர்போக் பக்கத்து மணல் நிலத்தில். முன்பு புகையிலைக்குப் பேர்போன மண் அது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு அது எப்படி நீர் வடியும் மண்ணாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்களில் பலருக்கு வாய்த்திருப்பதோ களிமண். புதுக் குடியிருப்பு என்றால் மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வண்டி ஓட்டி இறுக்கி, கடைசியில் நாலு அங்குல மண்ணைத் தூவிப் புல் விரித்திருப்பார்கள். கிரவுனுக்குக் குளிர் பகை இல்லை, பனிக்குக் கீழே அது சுகமாக உறங்கும். பனி உருகும் நாளில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் பகை. நீர் நிற்கும் இடத்தில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சணம் புகுந்து கட்டையை அழுகவைக்கும், அது புகுந்த நிலத்தை விட்டு எளிதில் போகாது.

தோட்டப் புத்தகங்களில் பெரும்பாலும் ஓரடி ஆழம் தோண்டச் சொல்லியிருக்கும். களிமண்ணில் அப்படித் தோண்டினால் நீங்கள் வெட்டுவது ஒரு குளம். எங்கள் மண்ணுக்கு நிலமட்டத்துக்கு மேலே பத்து, பன்னிரண்டு அங்குலம் உயர்த்திய மேட்டுப்பாத்தி போதும், அதற்குள் ஆறு அங்குலச் சால். மணல்பாங்கான மண் வாய்த்தவர்கள் நிலத்திலேயே எட்டு அங்குலம் வரை போகலாம். அமெரிக்கப் புத்தகங்கள் சுண்ணாம்பு போடச் சொல்லும். அது கிழக்குக் கரையின் புளிப்பு மண்ணுக்கான அறிவுரை. தென் ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் இருப்பது, காரத்தன்மை ஏற்கெனவே போதுமான அளவு உண்டு. எலும்புத்தூளும் அப்படித்தான். காரம் கூடிய மண்ணில் அதிலுள்ள பொஸ்பரசு வேருக்குக் கிடைக்காமல் கிடக்கும். மண் பரிசோதனை செய்து, குறை என்று வந்தால் சூப்பர் பொஸ்பேற்றைச் சாலின் அடியில் இடுங்கள். பொஸ்பரசு மண்ணில் நகராது, நட்டபிறகு மேலே தூவினால் கீழே போய்ச் சேராது. அடியில் வைக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் நடும் நாள் ஒன்றுதான்.

எருவுக்கு வருவோம். உரோமானிய அரசியலாளர் காற்றோ கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில் அஸ்பராகஸ் நடும் முறையை விரிவாகச் சொல்கிறார். அவர் கேட்பது ஆட்டெரு. மற்ற எரு களையைக் கொண்டுவரும் என்பது அவர் கட்சி. தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்து மண்ணை உரமாக்கிய ஊர்க்காரருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும், இதைச் சொல்ல உரோமாபுரியிலிருந்து ஆள் வரவேண்டுமா என்று. இங்கே மக்கிய ஆட்டெரு பை பையாகத் தோட்டக்கடையில் கிடைக்கிறது. தாராளமாகப் போடுங்கள்.

நடும் நாள், மண் 10 பாகை அளவுக்குச் சூடேறிய பிறகு. இந்தப் பக்கத்தில் ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை. அதற்கு முன் கிரவுன் கைக்கு வந்துவிட்டால் ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் காய்கறித் தட்டில் வையுங்கள். சாலின் அடியில் நீளவாட்டில் மண்ணைக் கூட்டி ஒரு சிறு வரம்பு அமைத்து, கட்டை வரம்பின் உச்சியில் அமர, வேர்கள் இரு பக்கமும் சரிந்து விழ, மொட்டு வானம் பார்க்க வைக்கவேண்டும். பதினைந்து அங்குலத்துக்கு ஒன்று. இரண்டு வரிசை என்றால் நடுவே நாலடி. இடம் வீணாகிறது என்று நெருக்கி வைக்கிறவர்கள் உண்டு. பத்து வருடத்தில் அந்தக் கட்டை பக்கவாட்டில் எவ்வளவு பரவும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

வைத்தவுடன் சாலை முழுக்க மூடக்கூடாது. இரண்டு அங்குல மண் போதும். குருத்து எட்டிப் பார்க்கப் பார்க்க, அதன் நுனி மூடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக மண் அணைத்துக்கொண்டு வந்தால் ஜூலையில் பாத்தி நிரம்பிவிடும்.

நட்ட சில வாரங்களில் வரும் முதல் குருத்தைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. கடையில் கட்டுக்கட்டாக விற்பது எங்கே, இது எங்கே என்று இருக்கும். கோரைப்புல் பருமனில் ஊதா கலந்த பச்சையாக ஒன்று நிற்கும், நாலைந்து நாளில் நுனி விரிந்து கிளைவிட்டு நூல்நூலாகத் தோகையாகிவிடும். பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதைவிட ஒரு மயிரிழை பருமனாக. அதில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. முதல் கோடையில் உங்கள் வேலை இரண்டே. வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர், மழை தராவிட்டால் நீங்கள் தரவேண்டும். பாத்தியில் ஒரு வெறுந்தகரத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தால் அளவு தெரியும். இரண்டாவது, களை.

களை விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வீட்டுப் பாத்திகளில் அஸ்பராகஸ் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். முதல் இரு வருடம் தோகை அடர்த்தியில்லை, நிலத்தை மூடாது, புல்லோடு போட்டி போடும் வலிமை அதற்கு இல்லை. நிலத்துக்கடியில் தண்டு ஓட்டும் புல்வகை ஒருதரம் கட்டைக்குள் புகுந்துவிட்டால் புல்லைப் பிடுங்கக் கிரவுனும் சேர்ந்து வரும். மண்வெட்டியால் கொத்தவும் முடியாது, மொட்டு மேலேதான் இருக்கிறது. ஆகவே நடுவதற்கு முந்திய வருடமே அந்த இடத்தைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிப் புல்லைச் சாகடிப்பது உத்தமம். பழைய ஆங்கிலேயத் தோட்டக்காரர் பாத்தியில் உப்புத் தூவுவார்கள். அஸ்பராகஸ் கடலோரத்துச் செடி, உப்பைத் தாங்கும், களை தாங்காது. கேட்க நல்ல யோசனைதான். எங்கள் களிமண்ணில் உப்புப் போட்டால் மண் இறுகிப்போகும், பக்கத்துப் பயிரும் கெடும். வைக்கோல் பரப்பிவிட்டுக் கையால் பிடுங்குங்கள். புதினாவும் அந்தப் புல்லைப் போல நிலத்துக்கடியில் ஓடுவது, அதை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் வருடம் குருத்து சுண்டுவிரல் அளவுக்கு வரும். ஆசை வருவது அப்போதுதான். பத்து நாள் ஒடிக்கலாம் என்று சொல்கிற வேளாண் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நல்ல மண்ணில், முதல் கோடையிலேயே இடுப்பளவுக்குத் தோகை எழுந்த பாத்திக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வளவுகளுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒடித்த குருத்துக்குப் பதில் கட்டை இன்னொரு மொட்டை எழுப்பும், அதற்கும் வேரில் இருப்பதையே எடுக்கும். சேர்ந்திருப்பதே கொஞ்சம். மூன்றாம் வசந்தத்தில் இரண்டு, மூன்று வாரம் எடுங்கள். நான்காம் வருடம் முதல் ஆறு வாரம், பாத்தி நல்ல பலமாக இருந்தால் எட்டு வாரம்.

எவ்வளவு கிடைக்கும் என்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன். முதிர்ந்த ஒரு கிரவுன் ஒரு பருவத்தில் ஏறக்குறைய அரை இறாத்தல் தரும். இருபதடி வரிசையில் 16 கிரவுன், அதாவது எட்டு இறாத்தல், அதுவும் ஆறு வாரத்தில் பரவலாக. வாரத்துக்கு ஒரு வறை, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். பீருவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வருடம் முழுக்கக் கடைக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது? வருகிறது. ஆனால் ஒடித்த மணித்தியாலம் தொட்டு இந்தக் குருத்து தன் சர்க்கரையைத் தானே எரிக்கத் தொடங்கும், அடியிலிருந்து மேல்நோக்கி நார் ஏறும். காலையில் ஒடித்து மதியம் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்கிய வறையையும், கண்டம் தாண்டி வந்த குருத்தையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு என்னிடம் கேள்வி கேட்கமாட்டீர்கள். சாப்பிட்ட பிறகு சிறுநீரில் ஒரு வாடை வரலாம். இந்தக் காயிலுள்ள கந்தகச் சேர்மம் உடைவதால் வருவது அது, சிலருக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வைத்தியரிடம் ஓடவேண்டாம்.

ஒடிக்கும் முறை. குருத்து ஏழு முதல் ஒன்பது அங்குலம் வளர்ந்து, நுனி இறுக்கமாக மூடியிருக்கும்போது எடுக்கவேண்டும். கத்தியை மண்ணுக்குள் விட்டு அறுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் மொட்டும் போய்விடும். கையால் வளைத்தால் நார் முடிந்து இளசு தொடங்கும் இடத்தில் தானே ஒடியும். மே தொடக்கத்தின் குளிர் நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வெயில் ஏறிவிட்டால் காலையில் விரல் நீளம் நின்றது மறுநாள் ஒரு சாணுக்கு மேல் நிற்கும், அப்போது தினமும் போகவேண்டும். வெப்பம் கூடினால் நுனியும் குட்டையிலேயே விரியத் தொடங்கும், நீளம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். மெல்லியதுதான் இளசு என்று கடையில் பொறுக்குகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. பருமன் மொட்டின் அளவைப் பொறுத்தது, முற்றலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெருவிரல் பருமன் குருத்துத்தான் பெரும்பாலும் நார் குறைந்தது.

மே மாதத்தில் பின்னிரவு உறைபனி விழுந்தால் வெளியே நிற்கும் குருத்து வெந்தது போலத் துவண்டுவிடும். அதை ஒடித்து எறிந்துவிடுங்கள், கட்டை பத்திரமாக இருக்கும், அடுத்த மொட்டு வரும். முன்கூட்டித் தெரிந்தால் பழைய படுக்கை விரிப்பால் மூடலாம்.

இனி, நிறுத்தும் நாள். ஜேர்மனியில் வெள்ளை அஸ்பராகஸ் என்றால் ஒரு திருவிழா, மண் அணைத்து வெயில் படாமல் வளர்ப்பார்கள். அங்கே மரபாக ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுப்பு முடிந்துவிடும். சந்தையில் விலை இருந்தாலும் நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கட்டை இளைத்துவிடும் என்று தெரியும். ஒன்ராறியோவிலும் ஜூன் கடைசிதான் எல்லை. நாட்காட்டியைவிடப் பாத்தியே நல்ல கணக்கு. வரும் குருத்தில் பெரும்பகுதி பென்சிலைவிட மெலிந்துவிட்டால் வேரில் இருப்பு வடிந்துகொண்டிருக்கிறது, வாரம் மிச்சமிருந்தாலும் அன்றோடு விடுங்கள். அதன் பிறகு எழும்பும் ஒவ்வொரு குருத்தும் தோகைக்கு. எரு போடவும் இதுவே நேரம்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. இதில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியே உண்டு. பெண் செடி இலையுதிர்காலத்தில் சிவப்புப் பழம் பிடிக்கும். பார்க்க அழகு, ஆனால் நஞ்சுத்தன்மை உள்ளது, பேரப்பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். விதைக்கே பலம் செலவாவதால் பெண் செடியில் குருத்தின் எண்ணிக்கை குறையும், விழுந்த விதை முளைத்துப் பாத்திக்குள் அதுவே களையாகவும் வரும். அதனால் ஆண் செடியே வரும் கலப்பினங்களை உருவாக்கினார்கள். நியூ ஜேர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேர்சி வரிசை அப்படி வந்தது. இந்த மாகாணத்துக் குளிருக்கென்றே குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வோலின் உருவாக்கியது குவெல்ஃப் மில்லேனியம். இங்கே நடுகிறவர்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். மலிவாகக் கிடைக்கும் மேரி வாஷிங்டன் 1896இல் நியூ ஜேர்சியில் தோன்றிப் பரவிய துருநோய்க்கு எதிராக ஜே.பி. நோர்ட்டன் என்ற அமெரிக்க அரசு ஆய்வாளர் தேர்ந்தெடுத்த பழைய வகை. நல்ல ருசி, ஆனால் பாதி பெண் செடி.

பூச்சியில் ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும், அஸ்பராகஸ் வண்டு. நீலக்கறுப்பு முதுகில் மஞ்சள் புள்ளி, ஓரத்தில் சிவப்பு. மே மாதத்தில் குருத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் கறுப்பாக, அரிசி நொய்யைவிடச் சிறிதாக, தண்டில் குத்தி நிறுத்தியது போல முட்டைகள் வரிசையாக நிற்கும். விரலால் வழித்துவிடலாம். வண்டைப் பிடிக்கப் போனால் தண்டின் மறுபக்கம் நழுவும், இல்லையேல் தொப்பென்று விழும். கீழே சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மேலே தட்டினால் அதுவே வந்து விழுந்துவிடும். காலைக் குளிரில் அதற்குச் சோம்பல், அப்போது போங்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் சாம்பல் நிறப் புழு தோகையை மொட்டையடித்தால் அடுத்த மே மாத அறுவடை அங்கேயே குறைந்துவிடும். குருத்துப் பருவம் முடிந்தவுடன் பாத்தியை மறந்துவிடுகிறவர்களுக்கு இது நடக்கும்.

ஒக்ரோபரில் தோகை பொன்மஞ்சளாகும். அழகாக இருக்கிறதே என்று பூச்சாடிக்கும், வளவு துப்புரவு என்று குப்பைப் பைக்கும் பச்சை மாறுமுன் வெட்டாதீர்கள். மஞ்சளாவது என்றால் மேலே இருந்தது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. முழுக்கக் காய்ந்த பின்னும் நான் வெட்டச் சொல்லமாட்டேன், நிற்கும் காய்ந்த தண்டு பனியைப் பிடித்து வைக்கும், கட்டைக்கு அது போர்வை. வண்டுத் தொல்லை அதிகமாக இருந்த வருடம் மட்டும் விதிவிலக்கு. வண்டு குளிர்காலத்தைக் கழிப்பது அந்தப் பொந்துத் தண்டுக்குள்தான், அப்படியானால் நவம்பரிலேயே நிலத்தோடு வெட்டி அகற்றிவிடுங்கள். மற்றவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில், குருத்து எழுமுன் வெட்டலாம்.

மூன்று வருடத்துக்குள் வீடு மாறும் எண்ணம் உள்ளவர்கள், நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் நடவேண்டாம். பாத்தி தேறி நன்றாகத் தரத் தொடங்கும் வருடம் சாவி வேறொருவர் கையில் இருக்கும். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நோர்போக் பக்கம் காரைவிட்டால் தோட்டவாசலிலேயே அன்று ஒடித்தது விற்பார்கள். மற்றவர்களுக்குக் கேள்வி நேரம் இருக்கிறது. கிரவுன் பை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள், மொட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.